கூழைப் புகழ்றவங்களுக்கு ஒரு கேள்வி: கேவுரு யார் நிலத்துல விளையும்?

1/
"பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்க, ரத்தசோகை ஓடியே போயிடும்"னு வாரத்துக்குப் பத்து வீடியோ எனக்கு வாட்ஸ்அப்ல வருது. பேசுறவர் கையில பளபளன்னு பாக்கெட் போட்ட கறுப்பு கவுனி. அறிவுரை யாருக்கு? குறிஞ்சிப்பாடி பக்கம் நாத்து நடுற பொண்ணுக்கும், தறியில உக்காந்து கைலி நெய்யுற அம்மாவுக்கும். ஒரு மருத்துவரா இதுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
நான் கூழுக்கு எதிரி இல்லை. கேவுரு, கம்பு, உளுந்து, மல்லாட்டை, முருங்கை எல்லாம் நல்ல சாப்பாடுதான். என் சண்டை வேற. விளைய வைக்க நிலம் இல்லாத, வாங்கக் காசு இல்லாத, அரைக்கப் பக்கத்துல மில்லு இல்லாத ஒருத்தர்கிட்ட போய் "நல்லதா சாப்பிடுங்க"ன்னு சொல்றது அறிவுரையே கிடையாது. பழியைத் தூக்கி அவங்க தலையில வைக்கிற வேலை அது.

3/
முதல்ல எந்தப் பசியைப் பத்திப் பேசுறோம்? வயித்துப் பசியைத் தமிழ்நாடு பெரிய அளவுல அடக்கிடுச்சு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கின சத்துணவு, எல்லா அரிசி அட்டைக்கும் ரேஷன், 2011 ஜூன் 1-லிருந்து விலையில்லா அரிசி. இது பெரிய சாதனை. "இலவச அரிசி வாங்கி சோம்பேறி ஆயிட்டாங்க"ன்னு சொல்றவங்களோட எனக்குப் பேச்சே இல்லை. அந்த அரிசி இல்லைன்னா எத்தனை குழந்தைங்க வளர்ந்திருக்கவே மாட்டாங்கன்னு எங்க துறைக்குத் தெரியும்.

4/
மிச்சம் இருக்கறது இன்னொரு பசி. தேசிய குடும்பநல ஆய்வு, 2019-21, தமிழ்நாட்டுக் கணக்கு: 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்கள்ல 57.4 சதவீதம். இதே குழந்தைகள் கணக்கு அதுக்கு முந்தின ஆய்வுல (2015-16) 50.7. அதாவது ஏறியிருக்கு. வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைங்க 25 சதவீதம். நாலுல ஒண்ணு.

5/
அதே ஆய்வுல இன்னொரு எண்ணும் இருக்கு. உடல் எடை கூடுன பெண்கள் 40.4 சதவீதம். முந்தின ஆய்வுல 30.9. இது ரெண்டும் வேற வேற வீடுன்னு நினைக்காதீங்க. ஒரே வீட்ல அம்மாவுக்குச் சர்க்கரை, பொண்ணுக்கு ரத்தசோகை, பேரனுக்கு எடை குறைவு. சில நேரம் ஒரே ஆளுக்கே எடையும் கூட, ரத்தமும் கம்மி. வயிறு நிறையுது, உடம்பு காலியா இருக்கு.

6/
காரணம் அரிசி கெட்டதுங்கறது இல்லை. அரிசி மட்டுமே இருக்கறதுதான். காலையில அரிசி, மதியம் அரிசி, ராத்திரி அரிசி, பக்கத்துல கொஞ்சம் ரசம். பருப்பு கொஞ்சமா, காய் இருந்தா உண்டு, முட்டை எப்பவாவது. மாசக் கடைசியில அந்தக் கொஞ்சமும் போயிடும்.

7/
இப்ப எண்களைப் பாப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராமுக்கு:
தீட்டின அரிசி: சுண்ணாம்புச் சத்து சுமார் 7 மி.கி., இரும்பு 1 மி.கி.கூட இல்லை.
கேழ்வரகு (நம்ம பேச்சுல கேவுரு): சுண்ணாம்புச் சத்து 364, இரும்பு 4.6.
கம்பு: இரும்பு 6.4.
முருங்கைக் கீரை: சுண்ணாம்புச் சத்து 314.
ஆக, பாட்டி சாப்பிட்டதுல விஷயம் இருக்கு. யாரும் மறுக்கலை.

8/
ஆனா வீடியோக்காரங்க இங்கேயே நிறுத்திடுவாங்க. மருத்துவர் நிறுத்த முடியாது. கேவுரு, கம்புல இருக்கற இரும்பு முழுசா ரத்தத்துக்குப் போகாது. தானியத்துல இருக்கற ஃபைடேட்ங்கற பொருள் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். ஊற வெச்சு முளைகட்டினா, மாவைக் கரைச்சுப் புளிக்க வெச்சா அது குறையும். கூடவே வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா இறங்கும்.

9/
இப்ப நம்ம ஊர் கூழைப் பாருங்க. கேவுரு மாவை முந்தின நாளே கரைச்சுப் புளிக்க விடுறோம். மறுநாள் நொய்யோட சேத்துக் காய்ச்சுறோம். தொட்டுக்க மாங்காய், சின்ன வெங்காயம், கருவாடு. புளிப்பு ஃபைடேட்டைக் குறைக்குது, மாங்காய்ல வைட்டமின் சி, கருவாடு தானியத்துல இருக்கற இரும்பை ஏத்தி விடுது. ஆனா கூழை மட்டும் பிரிச்சு எடுத்து, "கேழ்வரகு மால்ட்"னு டப்பாவுல போட்டு, சர்க்கரை கலந்து வித்தா இந்தக் கூட்டணி கலைஞ்சு போச்சு.

10/
முக்கியமா ஒண்ணு. கர்ப்பிணிக்கு நாங்க தர்ற ஒரு இரும்புச் சத்து மாத்திரையில 60 மி.கி. இரும்பு. அவ்வளவு இரும்பு கேவுருல வேணும்னா ஒரு நாளைக்கு 1.3 கிலோ சாப்பிடணும். அதுவும் முழுசா உறிஞ்சாது. அதனால "மாத்திரை வேணாம், கூழ் போதும்"னு யாராவது கர்ப்பிணிகிட்ட சொன்னா, தயவுசெஞ்சு அந்த இடத்துலயே தடுங்க. பிரசவத்துல ரத்தப்போக்கு வந்தா, ஹீமோகுளோபின் 7 இருக்கற அம்மாவுக்குக் கையிருப்பே கிடையாது.

11/
சர்க்கரை நோயாளிங்களுக்கும் சொல்லிடறேன். கேவுருவும் மாவுச்சத்துதான். நைசா அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சி ரெண்டு சொம்பு குடிச்சா சர்க்கரை ஏறத்தான் செய்யும். களியோ அடையோ அளவா, கீரையும் பருப்பும் சேத்து. சிறுதானியம் மருந்து இல்லை, சாப்பாடு. மருந்துன்னு சொல்லி வித்தாதான் விலை ஏறும். அதுக்குத்தான் அப்படிச் சொல்றாங்க.

12/
அப்போ உணவு என்னதான் செய்யும்? நோய் வந்த பிறகு மாத்திரை. வராம இருக்க தினசரி தட்டு. ஆறு மாசத்துல இணை உணவு ஆரம்பிக்கற குழந்தை, பெரிய மனுஷி ஆகுற பொண்ணு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடி இருக்கற அம்மா. இந்த மூணு பேர் தட்டுல தினமும் பருப்பு, தானியம், கீரை, முட்டை மாறி மாறி வந்தா, எங்க வேலை பாதி குறையும். அப்பவும் குடற்புழு மாத்திரை வேணும், பி12 குறைபாட்டையும் பாக்கணும். ஆனா அடித்தளம் தட்டுதான்.

13/
அந்தத் தட்டுக்கு வேண்டியது வெளிநாட்டுலேர்ந்து வரணுமா? நம்ம மாவட்டத்துலயே எல்லாம் விளையுது. பண்ருட்டி பலா, முந்திரி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்த மல்லாட்டை ரகங்கள். பரவனாறு, பெருமாள் ஏரிப் பக்கம் நெல். சம்பா முடிஞ்சதும் உளுந்து. கடலூர்ல மீன். இவ்வளவும் விளையுற இடத்துல ரத்தசோகை ஏன்?

14/
முந்திரியைப் பாருங்க. கொட்டை உடைக்கிற பெண்களோட விரலைப் பாத்திருக்கீங்களா? ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்து உரிஞ்சிருக்கும். அந்தப் பருப்பு ஏத்துமதிக்கும் ஸ்வீட் கடைக்கும் போகுது. உடைச்சவங்க வீட்டுக் குழந்தைக்கு அது தீபாவளிப் பாயசத்துல ரெண்டு. விளையுற ஊருக்கும் சாப்பிடுற வாய்க்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு. பாரம்பரிய உணவு பேசுறவங்க அந்தக் கணக்கைத் தொடுறதே இல்லை.

15/
அடுத்து எண்ணெய். மல்லாட்டை செக்கு இருக்கற ஊர் இது. 100 கிராம் மல்லாட்டையில 23 கிராமுக்கு மேல புரதம், பாதிக்குப் பக்கமா எண்ணெய். ஆனா 2007-லிருந்து நம்ம ரேஷன் கடையில என்ன எண்ணெய்? பாமாயில். இந்தோனேசியாவுலயும் மலேசியாவுலயும் விளைஞ்சு கப்பல்ல வர்றது. விலைவாசி ஏறின காலத்துல ஏழை வீட்டுக்கு அது உதவுச்சு, ஒத்துக்கறேன். ஆனா அதே பணத்துல ஒரு பங்கு நம்ம மானாவாரி நிலத்துக்கு வந்திருந்தா? எண்ணெயும் கிடைச்சிருக்கும், விவசாயிக்கு விலையும் கிடைச்சிருக்கும், குழந்தைக்கு மல்லாட்டை உருண்டையும் கிடைச்சிருக்கும்.

16/
உளுந்து. சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி நிக்கற பயிருக்குள்ள விதைச்சு விட்டா, மிச்ச ஈரத்துலயும் பனியிலயும் அது தானா வரும். தனியா தண்ணி கட்ட வேணாம், மண்ணுக்கும் தழைச்சத்து. வயசுக்கு வந்த பொண்ணுக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி. நல்ல பழக்கம். ஆனா பல வீட்டுல அது சடங்கு நாளோட நின்னு போச்சு. அறுவடை முடிஞ்சதும் உளுந்து களத்துலேர்ந்தே வியாபாரிகிட்ட போயிடுது, ஏன்னா கடன் காத்துக்கிட்டு நிக்குது.

17/
"அப்போ ஏன் நம்ம ஜனங்க கேவுருவை விட்டாங்க? நாகரிகம்தானே காரணம்?" அவ்வளவு லேசு இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னாடி நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். கூலிக்குப் போன இடத்துல பண்ணையார் வீட்டுல அரிசி, வேலையாளுக்குக் கூழ். அதையும் தனிக் கலயத்துல, தூரத்துல நிக்க வெச்சு ஊத்தினாங்க. அந்தக் கூழோட ருசியில சாதியும் இருந்துச்சு. அரிசிக்கு மாறினது அவங்களுக்கு மானம். இதைப் புரிஞ்சுக்காம "பழசுக்குத் திரும்பு"ன்னு சொல்றவங்க எந்தப் பழசைச் சொல்றாங்கன்னு யோசிக்கணும்.

18/
ரெண்டாவது, உலக்கை. கம்பு குத்தறது, சாமை உமி எடுக்கறது எல்லாம் பொம்பளைங்க தோள்பட்டையில ஓடின வேலை. கொல்லிமலையில சாமை சாகுபடி சரிஞ்சதுக்கு இந்தப் பாடு ஒரு முக்கியக் காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க விதை வங்கியோட நிக்கலை, உமி நீக்குற சின்ன மெஷினையும் கொண்டு போச்சு. மெஷின் இல்லாம சிறுதானியத்தைப் புகழ்றது, அடுத்தவங்க கையால இடிச்சுச் சாப்பிட ஆசைப்படறதுதான்.

19/
மூணாவது, நிலம். 1956-ல் தொடங்கின நெய்வேலி நிறுவனத்துக்காக இந்தச் சுத்துவட்டாரம் கொடுத்த நிலம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2023 ஜூலையில வளையமாதேவியில பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் வாங்கப் போற நெல்லு மேல மண்வாரி எந்திரம் ஓடினதை நாடே பாத்துச்சு. உயர் நீதிமன்றம் வேதனையோட கேள்வி கேட்டுச்சு, பயிருக்கு இழப்பீடு தரச் சொல்லிச்சு. நிலம் கொடுத்தவருக்குப் பணம் வரும், சிலருக்கு வேலை வரும். அந்த நிலத்துல களை எடுத்து, கதிர் பொறுக்கி, வரப்புக் கீரை கிள்ளிச் சாப்பிட்டவங்களுக்கு? அவங்க பேர் எந்தப் பட்டாவுலயும் இல்லை.

20/
இதுதான் முடிச்சு. ரத்தசோகை அதிகமா இருக்கற வீடு எது? நிலம் இல்லாத கூலி வீடு. பாரம்பரிய உணவுக்குத் திரும்பணும்னா முதல்ல வேண்டியது நிலம், அடுத்து உத்தரவாதமா வாங்குற ஆள், மூணாவது அரைக்க மில்லு. இந்த மூணும் தனி ஆளால முடியாது. கூட்டா முடியும். கற்பனை இல்லை, நடந்திருக்கு. உதாரணம் நம்ம தாலுகாவுலயே இருக்கு.

21/
வடலூர். 1867 மே 23. ராமலிங்க அடிகள் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அதுக்கு முன்னாடி நடந்ததைக் கவனிங்க. பார்வதிபுரத்து மக்கள் தங்களோட நிலத்துலேர்ந்து 80 காணியை, இன்னைக்குக் கணக்குல சுமார் 106 ஏக்கரை, எழுதிக் கொடுத்தாங்க. நிலம் வந்துச்சு, அப்புறம் சாலை வந்துச்சு. அடிகள் 1874-ல் மறைஞ்ச பிறகு வந்த தாது வருஷப் பஞ்சத்தையும் அந்த அடுப்பு பாத்தது. இன்னிக்கும் எரியுது.

22/
தைப்பூசத்துக்கு லட்சம் பேர் போறோம், ஜோதி பாக்கறோம், சாப்பிட்டு வர்றோம். ஆனா சாலையோட பாடம் அன்னதானம் மட்டும் கிடையாது. வந்தவங்ககிட்ட சாதி கேக்கலை, ஏன் பசிச்சதுன்னு கேக்கலை, "நீ தப்பா சாப்பிடற"ன்னு சொல்லலை. ஊர் மக்கள் நிலம் கொடுத்தாங்க, ஊர் தானியம் வந்துச்சு, ஊர் சமைச்சுச்சு. பசியைத் தனி ஆளோட குத்தமா பாக்காம ஊர்ப் பொறுப்பா பாத்தாங்க. அந்தப் பார்வை 150 வருஷத்துக்கு முன்னாடியே நம்மகிட்ட இருந்துச்சு.

23/
இப்ப தெலங்கானா. ஜாகீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டின்னு ஒரு அமைப்பு. 1990-களின் நடுவுல, பெரும்பாலும் தலித் பெண்கள் இருக்கற சங்கங்கள், தரிசாக் கிடந்த நிலத்தைத் திருத்திச் சோளம் போட்டாங்க. அதுக்குக் கொடுத்த கடனைப் பணமா வாங்கலை, தானியமாத் திருப்பி வாங்கினாங்க. அது ஊருக்குள்ளயே சேமிப்பு. யார் ரொம்ப ஏழைன்னு ஊரே உக்காந்து முடிவு செஞ்சு, அவங்களுக்கு மழைக்காலத்துல மலிவு விலைக்குச் சோளம். விளைச்சவங்க கையிலேயே ரேஷன் கடை. 2019-ல் அந்தப் பெண்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட ஈக்வேட்டர் விருது.

24/
கேரளா. 1998-ல் தொடங்கின குடும்பஸ்ரீ. நாலு முதல் பத்துப் பெண்கள் ஒரு குழு, குத்தகைக்கு நிலம், வங்கிக் கடன், பஞ்சாயத்து துணை. இப்படிப் பல்லாயிரம் குழுக்கள். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் இதைத் தனிக் குடும்ப விவசாயத்தோட ஒப்பிட்டு ஆராய்ஞ்சார். குழுப் பண்ணையில ஹெக்டேருக்கு விளைச்சலோட மதிப்பு 1.8 மடங்கு, பண்ணைக்கு நிகர வருமானம் ஐந்து மடங்கு. பெரும்பாலும் சொந்த நிலமே இல்லாம குத்தகைக்கு எடுத்துச் செஞ்ச பெண்கள் இவங்க. "கூட்டு விவசாயம்னா சண்டைதான் மிஞ்சும்"னு சொல்றவங்க இதைப் படிக்கணும்.

25/
தமிழ்நாட்டுலயே பெண்கள் இணைப்புக் குழு இருக்கு. நிலமில்லாத பெண்கள் சேந்து குத்தகை எடுத்துச் சிறுதானியம், பயறு, காய்கறி போடுறதை ரொம்ப வருஷமா செய்யறாங்க. 2013-ல் உணவு இறையாண்மைக்கான பன்னாட்டு விருதுல அவங்களுக்குச் சிறப்பு அங்கீகாரம் கிடைச்சுது. நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? பாக்கெட் கவுனி விக்கிற கம்பெனி பேரு மட்டும் மனப்பாடம்.

26/
"அரசாங்கம்தான் கூட்டுப் பண்ணையத் திட்டம் போட்டிருக்கே?" போட்டிருக்கு. 2017-18-ல். சிறு, குறு விவசாயிகள் 100 பேர் ஒரு குழு, எந்திரம் வாங்க 5 லட்ச ரூபாய். நல்ல திட்டம். ஆனா அதுக்குள்ள நுழையவே நிலம் வெச்சிருக்கணும். பசியோட இருக்கற வீடு வாசலுக்கு வெளியே நிக்குது. டிராக்டரைக் கூட்டா வாங்குறது ஒரு கூட்டு. விளைஞ்சதைக் கூட்டாச் சாப்பிடறது இன்னொரு கூட்டு. நான் கேக்கறது ரெண்டாவது.

27/
அடுத்து வாங்குற ஆள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோட சிறுதானியமும் இருக்கு. கிலோ ஒரு ரூபாய்னு சட்டம் சொல்லிச்சு, 2023-லிருந்து அதுவும் இலவசம். இந்தியா கேட்டு ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டா அறிவிச்சுது. தமிழ்நாடு 2023 மே மாசம் நீலகிரி, தருமபுரியில அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேவுரு கொடுக்க ஆரம்பிச்சுது. வரவேற்கிறேன். குறிஞ்சிப்பாடி அந்தத் தொடக்கப் பட்டியல்ல இல்லை.

28/
அந்த 2 கிலோவையும் கணக்குப் போட்டுடுவோம். நாலு பேர் வீடுன்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 17 கிராம். சுண்ணாம்புச் சத்து 60 மி.கி., இரும்பு 1 மி.கி.க்கும் கீழ. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்து 1,000, இரும்பு 29. ஆக 2 கிலோ ஒரு அடையாளம். 5 கிலோ ஆக்கினா 42 கிராம், சுண்ணாம்புச் சத்து 150. அதோட பருப்பும் மல்லாட்டையும் சேரட்டும். அப்பதான் மருத்துவ ரீதியா பேச ஏதாவது இருக்கும்.

29/
விலை? 2025-26-க்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதரவு விலை கேவுருக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், சாதா ரக நெல்லுக்கு 2,369. கேவுருக்கு ரெண்டு மடங்குக்கு மேல! அப்புறம் ஏன் யாரும் போடலை? நெல்லுக்கு அரசு நேரடி கொள்முதல் நிலையம் இருக்கு. மூட்டையைக் கொண்டு போனா எடுத்துக்குவாங்கன்னு நம்பிக்கை. உங்க ஊர்ல கேவுரு மூட்டையைத் தூக்கிட்டு எங்க போவீங்க? வாங்க ஆள் இல்லாத விலை காகிதத்துல இருக்கற விலை.

30/
நடுவுல செறிவூட்டின அரிசி. 2021 சுதந்திர தின உரையில பிரதமர் அறிவிச்சார். நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேத்துச் செஞ்ச அரிசி. "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பரவினது பொய், அதை நம்பாதீங்க. ஆனா என் கேள்வி இது: தீட்டித் தீட்டிச் சத்தை எடுத்துட்டு, ஆலையில திரும்ப மூணு சத்தை மட்டும் சேக்கறோம். அது புரதம் தராது, சுண்ணாம்புச் சத்து தராது, குறிஞ்சிப்பாடி விவசாயிக்கு ஒரு ரூபாயும் தராது. அவசரத்துக்கு ஒரு வழி, சரி. அதையே நிரந்தரத் தீர்வுன்னு சொல்லாதீங்க.

31/
நமக்கு இன்னொரு தனிக் காரணமும் இருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 நவம்பர் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் வெள்ளம். ஒவ்வொரு தடவையும் ரோடு அறுந்தா கடை இல்லை, கூலி இல்லை, அடுப்பு எரியாது. வெளியூர் பொட்டலம் வர ரெண்டு மூணு நாள் ஆகும். கேவுரு நல்லாக் காய வெச்சாப் பல வருஷம் பூச்சி அண்டாம இருக்கும். மேட்டுல ஒரு ஊர்த் தானியக் கிடங்கு இருந்தா, ஐப்பசி கார்த்திகையில நாம கையேந்தி நிக்க வேண்டியதில்லை.

32/
ரெண்டு எதிர்க் கேள்வி வரும்னு தெரியும். ஒண்ணு, "ஜனங்க அரிசிதான் கேக்கறாங்க." ஆமாம், கிடைக்கறதைத்தான் கேப்பாங்க. கோதுமை சாப்பிடாத தமிழன் ரேஷன்ல கோதுமை வந்ததும் சப்பாத்திக்குப் பழகலையா? அரிசியைப் பிடுங்கச் சொல்லலை. விருப்பப்பட்டவங்களுக்கு மாத்திக்க வழி குடுங்கன்னுதான் கேக்கறேன்.

33/
ரெண்டாவது, "பாரம்பரியம்னா சைவம்தான், பள்ளியில முட்டை எதுக்கு?" இதைக் கேட்டா எனக்கு நிஜமாவே கோபம் வருது. சத்துணவுல வாரம் அஞ்சு முட்டை வர 2010 ஆச்சு. ஏழைக் குழந்தைக்கு உறுதியாக் கிடைக்கிற முழுப் புரதம் அது. சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் குடுக்கறாங்க, சரி. கருவாடும் நண்டும் நத்தையும் இந்த மண்ணோட பாரம்பரியம்தான். உங்க வீட்டுப் பாரம்பரியத்தை மட்டும் தமிழர் பாரம்பரியம்னு பேர் வெச்சுக் குழந்தை தட்டுலேர்ந்து முட்டையை எடுக்காதீங்க.

34/
இன்னொண்ணு ஞாபகப்படுத்தணும். தமிழ்நாட்டோட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்ட் 14-ல் வாசிக்கப்பட்டுச்சு. வாசிச்ச அமைச்சர் குறிஞ்சிப்பாடி தொகுதி உறுப்பினர். அவ்வளவு பக்கத்துல அதிகாரம் இருந்த ஊர் இது. எந்தக் கட்சி வந்தாலும் இனி இந்த ஊர்ல ஓட்டு கேக்கறவங்ககிட்ட இந்த அஞ்சு கோரிக்கையை வைங்க.

35/
ஒண்ணு: கடலூர் மாவட்டத்துலயும் ரேஷன்ல கேவுரு, கம்பு. விருப்பப்பட்ட அட்டைக்கு மாசம் 5 கிலோ வரைக்கும் மாத்திக்கலாம். பருப்பு அளவு குறையக் கூடாது.
ரெண்டு: பாமாயிலோட ஒரு பங்குக்குப் பதில் உள்ளூர் மல்லாட்டை எண்ணெய். முதல்ல அங்கன்வாடியிலயும் பள்ளிச் சமையல்லயும் தொடங்குங்க.

36/
மூணு: நிலமில்லாத பெண்கள் குழுவுக்குக் குறைஞ்சது அஞ்சு வருஷக் குத்தகை. ஊராட்சிப் புறம்போக்கு, சும்மா கிடக்கற கோயில் நிலம், சுரங்கம் மூடித் திருத்தின நிலம், எது கிடைச்சாலும். ஒரு வருஷக் குத்தகையில யாரும் மண்ணுக்கு எரு போட மாட்டாங்க.
நாலு: அந்தக் குழு விளைக்கிற உளுந்து, மல்லாட்டை, கீரை, முட்டையை அந்த வட்டார அங்கன்வாடியும் பள்ளியும் முன்கூட்டியே விலை பேசி வாங்கணும்.
அஞ்சு: நாலஞ்சு ஊராட்சிக்கு ஒரு உமி நீக்குற மில்லு, மேட்டு நிலத்துல ஒரு தானியக் கிடங்கு. சாவி பெண்கள் குழு கையில.

37/
இதுல எதுவும் புதுசு இல்லைன்னு தெரியும். தெலங்கானாவுலயும் கேரளாவுலயும் தருமபுரியிலயும் துண்டு துண்டா நடக்கறதை ஒரே ஒன்றியத்துல சேத்துச் செஞ்சு பாருங்கன்னுதான் கேக்கறேன். செலவு ஆகும். ரத்தசோகைக்கும் செலவு ஆகிட்டுத்தான் இருக்கு. ரத்தம் ஏத்துறது, குறைமாசக் குழந்தைக்கு இன்குபேட்டர், படிப்புல மனசு நிக்காத பிள்ளை, நாப்பது வயசுல மூச்சு வாங்குற கூலிக்காரி. அந்தச் செலவை யாரும் பட்ஜெட்ல தனி வரியா எழுதறதில்லை.

38/
நீங்க செய்ய வேண்டியது மூணு. வீட்டுல கர்ப்பிணி இருந்தா மாத்திரையை நிறுத்த விடாதீங்க. அங்கன்வாடியில தர்ற சத்துமாவு பாக்கெட்டைத் திருப்பி, அதுல கேவுரு எவ்வளவு, எந்த ஊர்ல செஞ்சதுன்னு படிங்க. கிராமசபைக்குப் போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துல ஆறு தடவை. தீர்மானமா எழுதிக் கொடுத்து நோட்டுல ஏத்தச் சொல்லுங்க, நகல் கேட்டு வாங்குங்க.

39/
வீடியோ போடுற அண்ணன், அக்காங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. அடுத்த தடவை கூழைப் புகழும்போது கூடவே சொல்லுங்க: இந்தக் கேவுரு யார் நிலத்துல விளைஞ்சுது, யார் அரைச்சாங்க, கிலோ என்ன விலை, குறிஞ்சிப்பாடியில கூலிக்குப் போற ஒரு அம்மா அதை எந்தக் கடையில போய் வாங்கணும். பதில் இருந்தா நானே ஷேர் பண்றேன். இல்லைன்னா அந்த அம்மாவுக்கு அறிவுரை சொல்றதை நிறுத்திட்டு, கிராமசபையில அவங்க பக்கத்துல வந்து உக்காருங்க.

40/
கேள்வி இருந்தா கீழ கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். உங்க ஊர்ல கூட்டா விவசாயம் செய்யற பெண்கள் குழு இருந்தா ஊர்ப் பேரைப் போடுங்க. மத்தவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.